பெண் கேட்கப் போன வீட்டுக் கோப்பி

டோர்வல் விமான நிலையத்தில் என்னோடு பெட்டி ஏற்றிய சிரியாக்காரனுக்கு மொன்றியலில் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. கார்ட்டியர்வில்லில் இருந்த ஒரு லெபனான் குடும்பத்துப் பெண்ணை விரும்பினான். பெண்ணின் தகப்பனோ பெட்டி தூக்குகிறவனுக்குப் பெண் இல்லை என்று தேவாலய வாசலிலேயே சொல்லிவிட்டார். கடைசியில் அவர்களுடைய பாதிரியார் வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்க்கச் சம்மதித்தார். மாப்பிள்ளைப் பக்கத்துக்கு ஆள் வேண்டுமே, தமையன் முறைக்கு நான் போனேன். எனக்கு அரபு ஒரு சொல்லும் தெரியாது. பிரெஞ்சு, பெட்டி ஏற்றும் அளவுக்குத் தெரியும்.

புறப்படும்போது மனைவி என் கோட்டைத் தட்டிவிட்டுச் சொன்னாள்: "அங்கை போய் வழமைபோல வேண்டாம், வேண்டாமெண்டு நடிக்காதேங்கோ. தந்தால் உடனை வாங்கிக் குடியுங்கோ. பெடியன்ரை வாழ்க்கை."

"ஓம்" என்றேன். கல்யாணமாகி அவள் சொன்னதை நான் அப்படியே செய்த ஒரே நாள் அதுதான்.

பெண்ணே கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். சின்னக் கிண்ணம், ஏலக்காய் வாசம். பாதிரியார் தொண்டையைச் செருமிக்கொண்டு அரபில் தொடங்கினார். அது நீண்டுகொண்டே போனது. ஆறின கோப்பி எனக்குத் தொண்டைக்குள் இறங்காது. எடுத்து ஒரே மிடறில் குடித்துவிட்டேன்.

பாதிரியார் பேச்சை நிறுத்தினார். பார்த்தால் மற்றக் கிண்ணங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. நண்பனின் முகத்தில் ஈயாடவில்லை. பெண்ணைத் தருகிறேன் என்று தகப்பன் சொன்ன பிறகுதான் மாப்பிள்ளை வீட்டார் கோப்பியைத் தொடுவது வழக்கம் என்று பாதிரியார் என் காதில் பிரெஞ்சில் சொன்னார். அவனுடைய கல்யாணத்தையே குடித்துவிட்டேனே! போகிற வீடெல்லாம் வேண்டாம், வேண்டாமென்று நடிக்கிறவன், அன்றைக்கு மட்டும் நடிக்காமல் விட்டேன்.

தகப்பன் என் வெறும் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிரெஞ்சில், "கோப்பி எப்படி?" என்று கேட்டார்.

பயத்தில் பொய் வரவில்லை. "நல்ல கோப்பி. சீனிதான் காணாது."

சமையலறைக்குள் யாரோ சிரித்தார்கள்.

"பெடியன் எப்படி?"

"நல்லவன். வேலைக்குப் பிந்தித்தான் வருவான். ஆனால் என்னுடைய பாரமான பெட்டிகளையும் அவன்தான் தூக்குவான்."

தகப்பன் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "இவனுக்காக இதுவரைக்கும் பேசியவர்கள் எல்லோரும் இவன் தங்கம் என்றுதான் சொன்னார்கள்" என்றார். "சரி, ஒருவர் குடித்தாகிவிட்டது. இனி நான் என்ன செய்ய? மற்றவர்களும் குடியுங்கள்."

நண்பன் அவசரமாகக் கிண்ணத்தை எடுத்ததில் கோப்பியில் பாதி காற்சட்டையில் சிந்தியது. அவன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

பெண் எனக்கு இரண்டாவது கிண்ணம் கொண்டுவந்தாள். அடியில் சீனி கரையாமல் கிடந்தது. எல்லோரும் குடிக்கிறார்களா என்று சுற்றிவரப் பார்த்துவிட்டுத்தான் அதை எடுத்தேன்.