பவுன் கண்டுபிடித்த காற்று

கல்யாணமாகி ஆரணியிலிருந்து புனேக்கு வந்த மூன்றாவது வாரமே பவுன் வாசல் மணியைக் கழற்றிவிட்டாள். அது 1990. ஹடப்சரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்த ஜம்பு வேலை முடிந்து வந்து பொத்தானை அழுத்தினான். சத்தமே இல்லை. கதவைத் தட்டினான். உள்ளே செய்தித்தாளை விரித்து, அதன்மேல் மணியின் வயிற்றில் இருந்ததையெல்லாம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள் அவன் புதுப்பெண்டாட்டி.

"இன்னா பண்ணி வச்சிருக்கே?"

"டிங்குனு ஒண்ணு, டாங்குனு ஒண்ணு கேக்குதில்ல? உள்ள ரெண்டு மணி இருக்கும்னு நெனச்சேங்க. பாத்தா ஒரே கம்பி. அதுவே அந்தாண்ட போய் ஒரு தட்டு, திரும்பி வந்து இந்தாண்ட ஒரு தட்டு!"

சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து ஜம்புவுக்குக் கோபம் வரவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் மணியைப் பழையபடி மாட்டிவிட்டாள். முன்னைவிடக் கொஞ்சம் பலமாகவே அடித்தது.

நாள் முழுக்கக் கம்பெனியில் நட்டும் போல்ட்டுமாக மாரடிக்கிறவன் ஜம்பு. வீட்டில் ஒரு ஆணியைக்கூடத் தொடமாட்டான். அதனால் அந்த இலாகா பவுனுடையதாயிற்று. இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி, பக்கத்து வீட்டுத் தையல் மெஷின் என்று எதையும் விடவில்லை. ரிப்பேர் செய்வது அவள் நோக்கமே இல்லை, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். ஒரு சமயம் அலாரம் கடிகாரத்தைப் பூட்டி முடித்த பிறகு கையில் ஒரு பல்சக்கரம் மிஞ்சியது. கடிகாரம் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது, அலாரம் மட்டும் அதன் இஷ்டத்துக்கு அடித்தது.

பெண் வைஷு பிறந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, கம்பெனிக் கடனில் மங்கல்தீப் சொசைட்டியில் ஒரு ஃபிளாட் வாங்கினார்கள். ஏ, பி, சி என்று மூன்று விங். இவர்களுடையது சி விங்கில் மூன்றாவது மாடி, அதற்கு மேல் மொட்டை மாடிதான். எதிர்வீட்டில் ஜோசபின், நாகர்கோவில்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு வருஷம் குறையொன்றும் இல்லாமல் போயிற்று.

2001 கோடையில் மொட்டை மாடிக்கு வாட்டர் ப்ரூஃபிங் செய்தார்கள். பழைய தளத்தின்மேல் சிமெண்ட் போட்டு, உடைந்த ஓட்டுச் சில்லுகளைப் பதித்து, பார்க்க அழகாகத்தான் இருந்தது. மழை பெய்தது, ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் ஜூன் மாதத்திலிருந்து சி விங் மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் நின்றுபோனது. விடியற்காலையில் தொட்டி நிரம்பிய கையோடு கொஞ்சம் வரும். ஏழரை மணிக்குக் குழாய் கொர்ரென்று இருமி, இரண்டு தடவை துப்பிவிட்டு ஓய்ந்துவிடும். கீழ்மாடிகளில் மெலிதாக வந்துகொண்டிருக்கும்.

பி விங்குக்கும் சி விங்குக்கும் சேர்த்து ஒரே தொட்டிதான். அது பி விங் தலைக்கு மேல் இருந்தது. மாடிச் சாவியோ பி விங்கில் குடியிருந்த சொசைட்டி செக்ரெட்டரி தாம்ளேயிடம் இருந்தது. இது போதாதா? தாம்ளேதான் வால்வைத் திருகிவைக்கிறார் என்று சி விங்கில் எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். வங்கியில் மேனேஜராக இருந்து ரிட்டையரானவர், அதிர்ந்து பேசாத மனிதர். இப்போது அவர் மார்க்கெட்டுக்குப் போனால் சி விங் பெண்கள் பால்கனியிலிருந்து காலி வாளியைத் தட்டினார்கள். பதிலுக்கு பி விங்காரர்கள் இவர்களோடு பேச்சை நிறுத்தினார்கள். ஆகஸ்ட் பிறந்தது. கணபதி பண்டிகைக்கு இந்த வருஷம் இரண்டு பந்தல் என்று பேச்சு கிளம்பியது. ஒரே முற்றத்தில் இரண்டு பிள்ளையார்!

பவுன் வாளியைத் தட்டவில்லை. ஏழரை மணிக்குக் குழாயின் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். அது இருமுவதைக் காது கொடுத்துக் கேட்பாள்.

"அம்மா, நல் கே சாத் பாத் பண்றியா?" என்று, குழாயோடு பேசுகிறாயா என்பதை வைஷு பாதி ஹிந்தியில் கேட்டுக் கிண்டல் செய்தாள்.

"அது எதோ சொல்லுதுடி. எனக்குத்தான் புரியல."

ஒரு நாள் ஜோசபின் டியூட்டி முடிந்து, பவுன் விடியற்காலையில் பிடித்து வைத்ததிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கேட்டு வந்தாள். உட்கார்ந்து டீ குடிக்கும்போது அன்றைய கதையைச் சொன்னாள். "புதுசா ஒரு நர்ஸ் பிள்ளை வந்திருக்காக்கா. ட்ரிப் ஏறலைன்னு நரம்பையே குத்திக் குத்திப் பாக்குது. நான் போய்ப் பாத்தா டியூப்ல இத்தனாம் பெரிய காத்துக் குமிழி! ரெண்டு சுண்டு சுண்டி அத வெளியேத்தினேன். அப்புறம் மளமளன்னு எறங்கிட்டு."

பவுன் டம்ளரைக் கீழே வைத்தாள். "பாட்டில்ல மருந்து இருந்துதா?"

"நிறைய இருந்துச்சே."

"டியூப்பும் அடைக்கல?"

"இல்லக்கா. காத்துதான் குறுக்க நின்னுச்சு."

"ஜோசு, தண்ணி இருமாது. காத்துதான் இருமும்!" என்று பவுன் எழுந்தேவிட்டாள். ஜோசபினுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை.

பவுன் நேராக தாம்ளே வீட்டுக்குப் போனாள். சி விங்கிலிருந்து ஒருத்தி வருவதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். பவுனுடைய ஹிந்தியில் ஆண்பால் பெண்பால் எல்லாம் கிடையாது. அந்த ஹிந்தியிலேயே சொன்னாள்: "சாப், ஆப் நை கியா. பானி நை அட்கா. ஹவா அட்கா ஹை."

நீங்கள் செய்யவில்லை, சிக்கியிருப்பது தண்ணீரில்லை, காற்று. இரண்டு மாதமாக இந்த முதல் வார்த்தையை யாருமே அவரிடம் சொல்லவில்லை. தாம்ளே எழுந்து போய்ச் சாவியை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார்.

மறுநாள் வியாழக்கிழமை, ஜம்புவின் கம்பெனி இருந்த தொழிற்பேட்டைக்கே வாரவிடுமுறை. ஜம்பு லுங்கியோடு படுத்துக் கிடந்தான்.

"எழுந்து வாங்க. ஒரு முனைய மட்டும் புடிங்க, போதும்."

"இன்னாத்துக்கு? லீவு நாள்லயும் ஃபிட்டர் வேலையா?"

"ஃபிட்டர் வேல நான் பாத்துக்கறேன். நீங்க சும்மா புடிச்சிக்கினு நில்லுங்க."

கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற மாதிரி, கண்ணாடிபோல உள்ளே தெரிகிற ஒரு ட்யூபில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தாள். ட்யூபின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும், அதை வைத்து எந்த இடம் மேடு எந்த இடம் பள்ளம் என்று சொல்லிவிடலாம். வாட்டர் ப்ரூஃபிங் செய்தவர்கள் பழைய இரும்புக் குழாயை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போட்டிருந்தார்கள். தொட்டியடியிலிருந்து புறப்பட்டு மாடியைக் கடந்து சி விங் ஓரத்துக்குப் போகும் குழாய். தேங்கும் மழைநீரில் கிடக்காமலிருக்க அதற்கு அடியில் செங்கல் வைத்திருந்தார்கள். நடுவில் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கல்.

ஜம்பு தொட்டிப் பக்கம் பிடித்தான். பவுன் நடுவில் வந்து குந்தி, ட்யூபைக் குழாயோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். நடுக்குழாய் ஒரு சாணுக்குமேல் தூக்கி நின்றது.

ஜம்பு இப்போது தானாகவே வந்து குனிந்தான். "அட! ஒட்டக முதுகாட்டம் கீது. தொட்டி கொறையக் கொறையக் காத்து இங்க வந்து குந்திக்கும். அப்பால தண்ணி ஏறி எறங்காது." கம்பெனியில் குரல் உயர்த்திப் பேசுகிற மாதிரியே பேசினான். கீழே போய் ஸ்பேனர் பையையும் எடுத்து வந்துவிட்டான். பதினோரு வருஷத்தில் வீட்டு வேலைக்காக அந்தப் பை திறந்தது அன்றைக்குத்தான்.

மேலிரண்டு கல்லை எடுத்ததும் குழாய் மெல்லத் தாழ்ந்தது. ஆனாலும் லேசான மேடு மிச்சமிருந்தது. அந்த மேட்டில் குழாயைத் துளைத்து, மேல்நோக்கி ஒரு சிறிய குழாயை நட்டு, வாயைத் திறந்தே விட்டுவிட்டால் காற்று அதன் வழியாகப் போய்விடும் என்றாள் பவுன்.

அதற்குள் விஷயம் பரவி மாடியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பி விங்கும் வந்தது, சி விங்கும் வந்தது. சொசைட்டிக்கு வழக்கமாக வருகிற பிளம்பர் மாருதி தலையிலடித்துக்கொண்டான். திறந்த குழாயா? தொட்டித் தண்ணீரெல்லாம் அதன் வழியே பொங்கி ஊற்றாதா? புதுத்தளம் என்ன ஆவது? இந்தக் கேள்வியில் மட்டும் இரண்டு விங்கும் ஒற்றுமையாக இருந்தன.

அத்தனை பேர் முன்னால் பவுன் எதையும் கழற்றியதில்லை. பேச்சால் ஆகாது என்று தோன்றியது. ட்யூபின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்சினாள். தண்ணீர் வந்தது. முனையைத் தாழ்த்தினாள், கொட்டியது. மெதுவாக உயர்த்திக்கொண்டே போனாள். தொட்டியிலிருந்த தண்ணீர் மட்டத்தைத் தாண்டியதும் தண்ணீர் ட்யூபுக்குள்ளேயே நின்றுவிட்டது. வாய் திறந்தேதான் இருந்தது, ஒரு சொட்டு விழவில்லை.

"தொட்டிய விட ஒசரமா தண்ணி போவாது. காத்து போவும்," என்றாள். ஜம்பு அதை ஹிந்தியில் எடுத்துச் சொன்னான், கொஞ்சம் பெருமையோடு.

மாருதி ட்யூபை வாங்கித் தானும் ஒரு தடவை தாழ்த்தி உயர்த்திப் பார்த்தான். பிறகு சைக்கிளில் போய்க் குழாய் வாங்கி வந்தான். மூன்று மணிக்குள், தொட்டியைவிட உயரமாக ஒரு குழாய் நட்டநடு மாடியில் நின்றது. வால்வைத் திறந்தார்கள். புஸ்ஸென்று ஒரு நீண்ட மூச்சு அதன் வாயிலிருந்து வந்தது. பவுன் உள்ளங்கையை மேலே காட்டிப் பார்த்தாள். இரண்டு மாதமாகச் சிக்கிக் கிடந்த காற்று அவள் கையைக் குளிரத் தடவிக்கொண்டு போயிற்று.

"அக்கா! வருதுக்கா! வாளிய எங்க வச்சேன்னு தெரியலையே!" என்று கீழே ஜோசபினின் கூச்சல் கேட்டது. கூடவே வைஷுவின் குரல்: "மம்மி, ஃபுல் ஃபோர்ஸ்!" ஒவ்வொரு வீடாகச் சிரிப்பும் பாத்திரச் சத்தமுமாக எழும்பியது. தாம்ளே மனைவி மாடியிலேயே எல்லாருக்கும் பேடா கொண்டுவந்து கொடுத்தார். வாளி தட்டிய பெண்கள் முதலில் தயங்கினார்கள், பிறகு இரண்டிரண்டாக எடுத்துக்கொண்டார்கள். அந்த வருஷம் முற்றத்தில் ஒரே பந்தல்தான். ஆரத்தித் தட்டைப் பவுன் கையில் கொடுத்தார்கள். மராத்திப் பாட்டு அவளுக்குப் பாதிதான் தெரியும், மீதிக்கு வாயசைத்துச் சமாளித்தாள்.

அதற்குப் பிறகு சொசைட்டிக் கமிட்டியில் தண்ணீர், கரண்ட் எல்லாம் பவுன் பொறுப்பு என்றானது. பக்கத்துச் சொசைட்டிகளிலிருந்தும் 'பவுன் பாபி'யை, பவுன் அண்ணியை, தேடி வந்தார்கள். கதவுகளைச் சாத்தினால் விசிலடிக்கிற மாடிப்படி, பக்கத்து வீட்டு மணியை அழுத்தினால் தானும் அடிக்கிற மணி என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டேயிருந்தது. சிலவற்றை அவளால் கண்டுபிடிக்க முடியாமலும் போனது. அப்போதும் டீ குடித்துவிட்டு உற்சாகமாகவே திரும்பி வருவாள். மாருதி புது வேலை எடுத்தால் முதலில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டான்.

2003 மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொசைட்டியே இரண்டு பஸ் பிடித்துக் கடக்வாஸ்லா அணைக்குப் பிக்னிக் போனது. ஜம்பு அதற்காகக் கம்பெனிக்கு லீவு போட்டிருந்தான். மற்றவர்கள் சாரலில் நனைந்துகொண்டு சுட்ட சோளம் தின்றார்கள். பவுனைக் காணோம் என்று ஜம்பு தேடிக்கொண்டு போனான். மதகு இயந்திரம் இருக்கும் கம்பி வேலியோரம், காக்கி உடை போட்ட காவலாளியைப் பிடித்து நிறுத்திவைத்திருந்தாள். முதலில் பக்கத்திலேயே வரக்கூடாது என்று விரட்டிய மனிதர் இப்போது கையை நீட்டி எதையோ காட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா பவுனு, எல்லாரும் சாப்பிடக் கூப்பிடறாங்க."

"இருங்க. கதவத் தூக்க மோட்டார் இருக்குதாம். கரண்ட் போனா கையால சுத்தணுமாம். எத்தினி பேர் சுத்துவாங்கன்னு கேளுங்களேன், எனக்கு ஹிந்தியில சரியா வரல."

ஜம்பு கையிலிருந்த இரண்டு சோளக் கதிரில் ஒன்றைக் காவலாளியிடம் நீட்டினான். அவர் சிரித்துக்கொண்டே வாங்கி ஒரு கடி கடித்துவிட்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.