தமிழ் தெரியாத நேயர்

மொன்ட்ரியாலில் எங்கள் சமூக வானொலியில் ஞாயிறு காலை ஒரு மணித்தியாலம் தமிழுக்கு. யாருக்கும் சம்பளம் இல்லை. வருடத்தில் ஒரு வாரம் நேயர்களிடம் நன்கொடை கேட்போம். நிலையம் ஓடுவது அதில்தான். அந்த வாரம் தொலைபேசி எடுக்க ஆள் தேவை என்று அறிவிப்பாளர் அண்ணை கேட்டார். நான் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு பேக்கரியில் வேலை. பிரெஞ்சும் ஓரளவு வரும். போனேன்.

முதலில் எங்கட சனம்தான் அழைப்பு எடுத்தது. ஒரு அக்கா நன்கொடை சொல்லிவிட்டு, பாட்டுக் குறைவு, கதை கூட என்று முறைப்பாடும் வைத்தார். அடுத்து வந்தது பிரெஞ்சில் ஒரு வயதான பெண்குரல். இலக்கம் மாறிவிட்டதாக்கும் என்று நினைத்து, இது தமிழ் நிகழ்ச்சி என்றேன். தெரியும் என்றார். மொன்ட்ரியால்-நோர் பகுதியில் தனியாக இருக்கிறாராம், வீட்டில் உடுப்புத் தைக்கிறாராம். தற்செயலாக ஒருநாள் எங்கள் நிகழ்ச்சி அகப்பட்டதாம். அதன்பிறகு ஒரு ஞாயிறும் விட்டதில்லையாம்.

விபரம் எழுதி முடித்தபின் ஒன்று கேட்டார். கடைசியில் பாட்டை நிறுத்திவிட்டு ஒருவர் ஆறுதலாக வாசிக்கிறாரே, அது என்ன கவிதை? தனக்கு மிகவும் பிடித்தது அதுதான் என்றார்.

அது மரண அறிவித்தல். பொய் சொல்ல மனம் வரவில்லை. இறந்தவரின் ஊர், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரையும் பெயர் பெயராகச் சொல்வோம் என்று விளக்கினேன். மனதைப் புண்படுத்திவிட்டேனோ என்று பயந்தேன்.

“என் கணவர் போன வருடம் இறந்தார். அடக்கத்துக்கு நானும் அவருடைய தம்பியும்தான். அவருடைய பெயரையும் வாசிப்பீர்களா?” என்று கேட்டார்.

நான் ஓடிப்போய் அண்ணையிடம் சொன்னேன். அவர் யோசிக்கவேயில்லை.

“ஏன் வாசிக்கேலாது? அவவும் எங்கட நேயர்தானே.”

எங்கள் முறைப்படியே வாசித்தார்: மொன்ட்ரியாலைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்டவர், இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு அண்ணன். உடனே தொலைபேசிகள் அடிக்கத் தொடங்கின. இந்தப் பெயரில் எங்கட ஆக்கள் ஆர், எந்தப் பகுதி என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் நான் முழுக்கதையும் சொன்னேன். கேட்டவர்கள் நன்கொடையும் சொன்னார்கள். மன்னார் அம்மா ஒருவர் மட்டும் எதுவும் விசாரிக்கவில்லை. பின்னேரப் பூசையில் இறந்தவருக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றுவதாகவும், அதை அந்த மனுசிக்குத் தெரியப்படுத்தும்படியும் சொன்னார். நிகழ்ச்சி முடிந்ததும் அந்த மனுசிக்கு அழைப்பு எடுத்துச் சொன்னேன்.