தித்திப்பு வரிசை

கண்ணுகளா, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கட்டின கதை இல்லை. நடந்தது. மயிலம்மாள் தன் வாயால் எனக்குச் சொன்னது. அவளுக்குப் பொய் சொல்ல வந்திருந்தால் அந்த ஆஸ்பத்திரியில் இன்னும் பத்து வருஷம் வேலை பார்த்திருப்பாள்.

இன்னொன்று. இது ராத்திரியில் நடக்கவில்லை. பட்டப்பகலில், பிற்பகல் மூன்று இருபதுக்கு நடந்தது. அதனால் விளக்கைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு படித்தால் பயம் தெரியாது என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அது போதும்.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த சமயம். சேலத்துப் பக்கம் ஒரு பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். கம்பவுண்டர் படிப்பும் தாதிப் படிப்பும் சொல்லிக்கொடுத்த இடம் அது. அங்கே பெண்கள் வார்டில் ஆயாவாக இருந்தவள் மயிலம்மாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. கூட்டுவாள், துடைப்பாள், வேளைக்கு மருந்து ஊற்றிக் கொடுப்பாள். படித்த தாதிமார்களுக்கு அந்த வார்டின் நாற்றம் ஆகாது.

அந்த வருஷம் புரட்டாசியில் பட்டணத்திலிருந்து ஒரு டாக்டர் வந்தார். வேதரத்தினம் என்று பெயர். தங்கக் கம்பி போட்ட கண்ணாடி. கையில் எப்போதும் ஒரு கைக்குட்டை. நோயாளியிடம் குனிகிறபோது அதை மூக்கில் வைத்துக்கொள்வார். காய்ச்சல் ஒட்டும் என்று பயந்தாரோ, ஏழ்மை ஒட்டும் என்று பயந்தாரோ. பின்னாலேயே படிக்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் நோட்டுப் புத்தகத்தோடு ஓடுவார்கள். அவர் தும்மினாலும் எழுதிக்கொள்வார்கள்.

வந்தவர் ஆராய்ச்சி செய்யப் போவதாகச் சொன்னார். முறைக்காய்ச்சலுக்குப் புது மருந்தாம்.

முறைக்காய்ச்சல் உங்களில் பல பேருக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். வருகிற அன்றைக்கு ஒரே மணிக்கு வரும். முதலில் குளிர். பல் கிட்டிக்கொள்ளும், இரும்புக் கட்டில் கல் தரையில் கிடுகிடு என்று ஆடும். அப்புறம் அனல். அப்புறம் வேர்வை. மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி ஆள் எழுந்து உட்காரும். மூன்றாம் நாள் அதே மணிக்குத் திரும்ப வரும்.

வார்டில் பத்துக் கட்டில். ஒன்று முதல் ஐந்து வரை கிழக்கு வரிசை. ஆறு முதல் பத்து வரை மேற்கு வரிசை. டாக்டர் இரண்டு பெரிய பாட்டில் கொடுத்தார். இரண்டும் ஒரே சிவப்பு. கிழக்கு வரிசைக்கு ஒன்று, மேற்கு வரிசைக்கு ஒன்று. பிற்பகல் மூன்றே காலுக்கு ஆளுக்கு ஓர் அவுன்சு. மாற்றிக் கொடுத்தால் வேலை போய்விடும். அவ்வளவுதான் மயிலம்மாளுக்குச் சொன்னது.

இரண்டே நாளில் பெண்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். கிழக்கு மருந்து, காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினாவை விடக் கசப்பு. குடித்தால் தொண்டையில் தொடங்கி அடிவயிறு வரை கசந்தது. மேற்கு மருந்தோ தித்திப்பு. பதநீர் மாதிரி இருக்கிறது என்று குடித்தவர்கள் பெருமை அடித்துக்கொண்டார்கள். கிழக்கு வரிசைக்காரிகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு மட்டும் நல்ல மருந்தா என்று ஒருத்தி சண்டைக்கே போனாள்.

அந்தச் சமயத்தில்தான் குஞ்சம்மாள் வந்தாள். மேச்சேரிப் பக்கம். அணையில் கல் சுமந்தவள். வயசு இருபது இருக்கும். கிழக்கு வரிசையில் மூன்றாம் கட்டிலில் போட்டார்கள். முதல் அவுன்சு உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. மயிலம்மாளின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, இந்தக் கசப்பு என்னால ஆகாதுங்க. அந்தப் பக்கம் தித்திப்பாமா. அங்க போட்டுருங்கக்கா.”

ஆறாம் கட்டில் காலி. டாக்டர் சாயங்காலம்தான் பெயர் எழுத வருவார். பாவம் என்று மயிலம்மாள் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய் ஆறாம் கட்டிலில் படுக்க வைத்தாள். டாக்டர் வந்தார், ஆறு என்று எழுதிக்கொண்டார். அவருக்குக் கட்டில் ஆறு என்றால் நோயாளியின் பெயரும் ஆறு.

நல்லது செய்ததாக நினைத்து அன்றைக்கு மயிலம்மாள் நிம்மதியாகத் தூங்கினாளாம்.

குஞ்சம்மாளுக்குக் குளிர் வருகிற நேரம் பிற்பகல் மூன்று இருபது. ஒருநாள் விட்டு ஒருநாள். நாளாக ஆக அது ஏறிக்கொண்டே போனது. எதிர் வரிசையில் ஒவ்வொருத்தியாக எழுந்து தலைசீவத் தொடங்கினார்கள். குஞ்சம்மாள் படுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, சிவப்புக் கம்பளிக்குள்ளிருந்து கூப்பிட்டாள். மயிலம்மாள் காதைக் கொண்டுபோனாள்.

“அக்கா… கசப்பையே குடுங்கக்கா.”

நாளைக்கு டாக்டரிடம் கேட்கிறேன் என்றாள் மயிலம்மாள். அன்றைக்கே மூன்று இருபதுக்குக் குளிர் வந்து கட்டில் ஆடியது. பிறகு நின்றது. மூன்று நாற்பதுக்கு முகத்தை மூடினார்கள்.

டாக்டர் வந்து பார்த்தார். கைக்குட்டையை எடுத்து உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். கிழக்கில் சாவு இல்லை, மேற்கில் ஒன்று, சரியாக வருகிறது என்று பிள்ளைகளிடம் சொன்னார். அவர்களும் எழுதிக்கொண்டார்கள். அந்தப் பெண்ணின் புருஷன் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். அவனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. எழுதுகிறவர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?

வியாழக்கிழமை வந்தது. ஆறாம் கட்டில் காலி. கம்பளியை நாலாக மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தாள் மயிலம்மாள்.

மூன்று இருபது.

கிடுகிடுகிடு…

ரோட்டில் கல் வண்டி போகிறது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். மயிலம்மாள் ஜன்னலைப் பார்த்தாள். ரோட்டில் ஒன்றுமில்லை. திரும்பினாள். ஆறாம் கட்டில்தான். நாலு காலும் தரையில் அடித்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் நின்றது. கிட்டே போனாள். மடித்து வைத்த கம்பளி விரிந்து கிடந்தது.

வெள்ளிக்கிழமை ஒன்றுமில்லை. சனிக்கிழமை மூன்று இருபதுக்குத் திரும்ப ஆடியது. இந்தத் தடவை படுக்கையைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். மனித வேர்வையின் ஈரம்.

ஆள் போய்விட்டது. காய்ச்சல் முறை தவறாமல் வந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டிலுக்கு ராமாயியைக் கொண்டுவந்தார்கள். ராசிபுரத்து நெசவுக்காரி. எட்டு மாசக் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டு வந்திருந்தாள். பால் கட்டி மார் வலிக்கிறது என்று அழுதாள். அவளுக்குக் குளிர் வருவது காலையில். திங்கள்கிழமை பிற்பகல் சும்மாதான் படுத்திருந்தாள். மூன்று இருபதுக்குச் சுவர்ப்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகக் கூப்பிட்டாள்.

“ஏனுங்கக்கா, இந்தக் கட்டில்ல இன்னொருத்தரையும் போட்டுருக்கறீங்களா? கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லுங்க. மேலுக்குச் சில்லுனு இருக்குது.”

மயிலம்மாள் அவளைக் கட்டிலின் வெளிப்பக்கமாக நகர்த்திப் படுக்க வைத்தாள்.

மறுநாள் காலையில் நேராக மருந்து அறைக்குப் போனாள். கம்பவுண்டர் வீரபாகு திருநெல்வேலிக்காரர். மேற்குப் பாட்டிலில் இருப்பது என்ன மருந்து என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். மருந்தா? பச்சைத் தண்ணீர், சர்க்கரைப் பாகு, இரண்டு சொட்டுச் சாயம். ஒரு பக்கம் பிழைத்து மறுபக்கம் பிழைக்காமல் கிடந்தால்தான் மருந்தின் மகிமை சீமைக்குத் தெரியுமாம். சொல்லி முடிக்கும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

கசப்பு வரிசையில் இருந்தவளைத் தன் கையால் கொண்டுபோய்த் தண்ணீர் வரிசையில் படுக்க வைத்தது மயிலம்மாள்தானே.

அன்றைக்கே டாக்டர் அறை வாசலில் போய் நின்றாள். ராமாயியை மட்டும் எதிர் வரிசைக்கு மாற்றும்படி கெஞ்சினாள்.

“கட்டில் மாறினா என் கணக்கு மாறும். நீ கூட்டுற வேலையைப் பாரு.”

“கைக்குழந்தைக்காரிங்க. செத்துப் போயிருவாங்க சாமி.”

“செத்தா எழுதிக்கறேன்.”

காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாராம். எத்தனை பெரிய படிப்பு! ஓர் உயிரை இப்படி எழுத்தால் துடைத்துப் போட எத்தனை வருஷம் படிக்கவேண்டுமோ!

கிழக்குப் பாட்டிலிலிருந்து ஒரு வாய் திருடிக் கொடுக்கலாம் என்று பார்த்தாள். பாட்டில் முழுக்க அளவுக்கோடு ஒட்டியிருந்தது. ஒரு கோடு குறைந்தாலும் தெரிந்துவிடும். மருந்து வேளை முடிந்ததும் டாக்டரே எடுத்துப் போய்ப் பூட்டுவார். வழி இல்லை.

புதன்கிழமை. மூன்றே கால். கிழக்கு வரிசை முடிந்தது. மேற்குப் பாட்டிலை எடுத்தாள். அவுன்சு கிளாஸில் ஊற்றினாள். இந்தக் கையால் இன்னொருத்தியையும்…

மூன்று இருபது.

கிடுகிடுகிடு…

ராமாயி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கட்டில் ஆடியது.

மயிலம்மாளின் சேலையை யாரோ இழுத்தார்கள்.

கீழே பார்த்தாள்.

யாரும் இல்லை. சேலை மட்டும் இழுபட்டு நின்றது… விறைப்பாக…

“அக்கா…”

காதுக்குப் பக்கத்தில். பல் அடிக்கிற சத்தத்தோடு.

“கசப்பையே… குடுங்கக்கா…”

கிளாஸைப் பிடித்த கைமேல் ஒரு கை. ஐஸ் மாதிரி.

சேலை தளர்ந்தது. கட்டில் நின்றது.

ராமாயி எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. கிளாஸை வாங்கிக் குடித்தாள். முகம் கோணியது.

“என்னங்க இது, இந்தக் கசப்புக் கசக்குது?”

மயிலம்மாள் பாட்டில் வாயில் விரலை வைத்து நாக்கில் தொட்டாள்.

கசப்பு. தொண்டையிலிருந்து அடிவயிறு வரை.

அதற்கப்புறம் தினமும் மேற்குப் பாட்டில் கசந்தது. தித்திப்பு போய்விட்டதே என்று அந்த வரிசையில் ஒரே புலம்பல். ஆனால் ஒவ்வொருத்தியாக எழுந்து உட்கார்ந்தார்கள். ஒரு வாரத்தில் ராமாயி கஞ்சி இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டாள்.

நல்ல டாக்டராக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். இவர் கொதித்துப் போனார். சாகவேண்டியவர்கள் பிழைத்தால் ஆராய்ச்சி என்னாவது? ஆயா பாட்டிலை மாற்றிவிட்டாள் என்று குதித்தார். வியாழக்கிழமை தானே பாகு காய்ச்சித் தண்ணீரில் கலந்து, புதுப் பாட்டிலில் ஊற்றி, கையோடு எடுத்துக்கொண்டு வார்டுக்கு வந்தார். பிள்ளைகள் பின்னால். மயிலம்மாளை நடுவில் நிறுத்தினார். ஓர் அவுன்சு ஊற்றி, எல்லார் கண் முன்னாலும் மடக்கென்று தானே குடித்தார்.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபது.

“தித்திப்பு. வெறும் தண்ணி. இது எப்படிக் கசக்கும்?”

அதே பாட்டிலில் ஊற்றி ராமாயியிடம் நீட்டினார். அவள் குடித்தாள். உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

“கசக்குதுங்க சாமி.”

கட்டில் ஆடப்போகிறது என்று மயிலம்மாள் காத்திருந்தாள்.

ஆடவில்லை.

டாக்டர் கையிலிருந்த கிளாஸ்தான் பாட்டிலில் பட்டுக் கிண்கிண் என்று சத்தம் போட்டது. குளிர்கிறது, ஜன்னலை மூடு என்றார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே மயிலம்மாளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். ராமாயி பிழைத்தாள். மேற்கு வரிசையில் மிச்சமிருந்தவர்களும் பிழைத்தார்கள். சிகிச்சை முடியுமுன் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று ராமாயியோடு சேர்த்து அவர்கள் ஐந்து பேரைப் பற்றியும் டாக்டர் எழுதி வைத்தாராம். போனார்கள்தான். தங்கள் காலால் நடந்து போனார்கள். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவர் பட்டணம் போனார். எடுபிடிக்கு வீரபாகுவையும் கூட்டிப்போனார்.

அந்த ஆறாம் கட்டில் அப்புறம் ஆடவே இல்லை.

மாசி மாசம் வீரபாகு திரும்பி வந்தார். மயிலம்மாள் இருந்த இடத்தை விசாரித்துக்கொண்டு வந்தார். ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்.

பட்டணத்தில் டாக்டருக்கு முறைக்காய்ச்சல் வந்ததாம். ஒருநாள் விட்டு ஒருநாள். பிற்பகல் மூன்று இருபது. கொயினா கொடுத்தார்கள். துப்பிவிட்டார். தித்திக்கிறது, எவன் தண்ணீர் கலந்தான் என்று கத்தினார். பாட்டிலை மாற்றினார்கள். கண் முன்னால் சீல் உடைத்துக் கொடுத்தார்கள். தித்திக்கிறது. அவர் கண்டுபிடித்த மருந்தையே கொடுத்தார்கள். தித்திக்கிறது. வீரபாகு நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார், விஷம் மாதிரிக் கசந்ததாம். டாக்டருக்கு மட்டும் பாகு. உடம்பும் அதைப் பாகாகத்தான் எடுத்துக்கொண்டது. காய்ச்சல் இறங்கவே இல்லை.

கடைசி நாள் தரை துடைக்க வந்த ஆயாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாராம். ஆயுசில் ஓர் ஆயாவை நீ என்பதற்கு மேல் கூப்பிடாத மனிதர். பட்டணத்துப் பேச்சு அன்றைக்கு அவர் வாயில் இல்லை. குரலும் அவர் குரலாக இல்லை, சின்னப் பெண் குரல் மாதிரி இருந்தது என்றார் வீரபாகு.

“அக்கா… கசப்பையே குடுங்கக்கா…”

அந்த வார்த்தையை மயிலம்மாள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.