கிளிப்பச்சைக்கு வந்த சோதனை

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் கவியா கல்யாண வீடியோவுக்கு நிறம் திருத்த உட்கார்ந்தால் வாடிய மாலை மலரும். மழைநாள் கல்யாணத்தில் வெயில் அடிக்கும். அவளுடைய கம்ப்யூட்டர் பெரிய சாஃப்ட்வேரைக் கண்டாலே படுத்துவிடும். அதனால் பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்து, வீடியோவை அதில் இழுத்துப் போட்டு, மேலே ஒரு 'லட்' போடுவாள். அது வாய்ப்பாடு மாதிரி ஒரு ஃபைல். இந்த நிறம் வந்தால் அந்த நிறமாக்கு என்று வரிசையாகச் சொல்லும். கல்யாண வீடியோக்காரர்கள் வாயில் அது லட்டு. "அண்ணே, ரெண்டு லட்டு அனுப்புங்க" என்றால் வாட்ஸ்அப்பில்தான் வரும்.

இத்தனை நாள் அடுத்தவர் ஸ்டுடியோவுக்கு உழைத்தவள், தன் பெயர் போட்டுச் செய்த முதல் வீடியோ லப்பைக்குடிக்காட்டு அஃப்ரினின் நிக்காஹ். பெண்ணின் அத்தா, அதாவது அப்பா, ஷஃபியுல்லா கல்யாணத்துக்கு லீவு கிடைக்காமல் துபாயில் மாட்டிக்கொண்டார். அவர் பார்த்துத் தலையாட்டினால் அந்தத் தெருக் கல்யாணமெல்லாம் கவியாவுக்கு. இல்லையென்றால் மறுபடி அடுத்தவர் ஸ்டுடியோ.

ஆசை ஆசையாய் ஒரு சினிமா லட்டைப் போட்டு அனுப்பினாள். வானம் ஜொலித்தது. உடனே அஃப்ரினின் அம்மா ஜைனம்புவின் போன் வந்தது.

"ஏம்மா, எம் மவ சீலை எங்க? அவ அத்தா போன லீவுல திருச்சியில கடை கடையா ஏறி எடுத்த கிளிப்பச்சை! இதுல நீலத்தையில்ல சுத்திக்கிட்டு உக்காந்திருக்கா? நான் எடுத்ததக் கட்டலையான்னு அந்த மனுசன் அங்க சோறு திங்காம கெடக்காரு."

கவியாவுக்கு விளங்கிவிட்டது. அந்த வாய்ப்பாட்டுக்குப் பச்சையைக் கண்டால் ஆகாது, நீலத்துக்குத் தள்ளிவிடும்.

"பதறாதீங்கக்கா. லட்டு மாறிப்போச்சு. வேற லட்டு போட்டா சரியாயிரும்."

ஜைனம்பு அதை அட்சரம் பிசகாமல் துபாய்க்குச் சொன்னார். அரை மணியில் ஷஃபியுல்லாவே அழைத்தார்.

"பாப்பா, பந்தியில பிரெட் அல்வாதானே போட்டோம்? லட்டு யாரு போட்டா?"

"ஐயோ பாய், இது திங்கிற லட்டு இல்ல. கலர் லட்டு."

"கலர் போட்ட லட்டா! உடம்புக்கு ஆவாதும்மா!"

லட்டைக் கழற்றி அனுப்பினாள். கேமராவிலிருந்து வந்த வீடியோ அப்படியே பார்த்தால் வெளிறித்தான் இருக்கும்.

"சாயம் போயிருச்சே! அந்தக் கடைக்காரன இன்னிக்கி..."

"கடைக்காரர வுடுங்க பாய்! ஒரு லிங்க் அனுப்புறேன், உங்க போன்லயே திறக்கும். கீழ ஒரு கோடு, அதுல ஒரு புள்ளி. சீலை கலர் வர்ற வரைக்கும் நீங்களே தள்ளுங்க."

பச்சையைத் தூக்கிக் கொடுக்கும் லட்டு ஒன்றைப் போட்டு அனுப்பினாள். அவர் ரூமில் இருந்த அத்தனை பேரும் கூடிவிட்டார்கள் என்பது இரைச்சலிலேயே தெரிந்தது.

"தள்ளு பாய்!"

"அது வெத்தலைப் பச்சை. இன்னும் கிளி வரல."

"நீ கிளியப் பாத்தே பத்து வருசம் ஆச்சு, பேசாம இரு!"

அங்கே அவர் தள்ளத் தள்ள இங்கே கவியாவின் திரையிலும் புள்ளி நகர்ந்தது. சீலை துளிர்த்தது. கூடவே மேடை துளிர்த்தது, பிரெட் அல்வா துளிர்த்தது. மாப்பிள்ளை ஹஸ்ஸானின் முகம் ஊறப்போட்ட பச்சைப்பயறாகிவிட்டது.

"போதும் பாய்! மாப்பிள்ளையப் பாருங்க!"

"அவர நேர்ல பாத்துக்கறேன். மாஷா அல்லாஹ், இதாம்மா நான் எடுத்த சீலை! இப்படியே முடிச்சுக் குடு." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பின்னால் யாரோ, "இப்பவாவது சாப்பிடுங்க பாய்" என்று சோற்றுத் தட்டை நகர்த்தினார்கள்.

அடுத்த வாரம் அதே தெருவிலிருந்து மூன்று கல்யாணங்கள் வந்தன. இரண்டு வீட்டார், அஃப்ரின் மாப்பிள்ளை மாதிரியே தங்கள் மாப்பிள்ளையும் பச்சையாக வர வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது வீட்டுக்காரருக்கு மட்டும் சந்தேகம்.

"எங்க சீலை அரக்குச் சிவப்பும்மா. மாப்பிள்ளை தாங்குவாரா?"

"அவருகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருங்க பாய்" என்றாள் கவியா.