என்னுரைக்கு இடமில்லை

என் முதல் நாவல் வெளிவந்தபோது அதைவிட அதிகமாகப் பேசப்பட்டவர் என் கணவர். நல்லவிதமாக அல்ல. பெண்டாட்டியை எழுத விடாமல் கொடுமைப்படுத்துகிறவர் என்று. அது வெளியே யாரோ பேசிய பேச்சும் அல்ல. என் புத்தகத்திலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள். கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறுகிற மாதிரித் தெரியவில்லை. அதனால் சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

முதலில் நாவலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றிப் பேசியவர்களில் பலர் அதைப் படிக்கவில்லை. கோட்டைப்பட்டினத்தில், எங்கள் தெருவைப் போன்ற ஒரு தெருவில், ஒரே நாளில் இரண்டு கல்யாணம். ஊரில் பேரெடுத்த பண்டாரி ஒருவர்தான். கல்யாணச் சமையல்காரரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இரண்டு வீட்டாருக்கும் அவர் சரி சரி என்று தலையாட்டிவிடுகிறார். பிறகு நடக்கிற இழுபறி, சம்பந்திச் சண்டை, கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடும் ஆடு, பாதி வெந்த பிரியாணியோடு தேக்சா என்கிற பெரிய அண்டா தெருவில் இங்கிட்டும் அங்கிட்டும் கைமாறுவது, இவ்வளவுதான் கதை. சிரிக்கத்தான் எழுதினேன். அதில் ஒரு சாவுகூடக் கிடையாது.

அதை எழுதிய காலத்தில் என் கணவர் வளைகுடாவில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை பார்த்தார். நான் தாளில் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவேன். எனக்கு டைப் அடிக்க வராது. அவர் ஷிப்ட் முடிந்து வந்து கட்டிலில் படுத்துக்கொண்டே போனில் கட்டைவிரலால் முழு நாவலையும் டைப் செய்தார். தனியாகச் சிரிக்கிற ஆளைப் பார்த்து ரூமில் இருந்தவர்கள் என்ன ஏது என்று கேட்கப்போக, பிறகு அவர்களுக்கும் வாசித்துக் காட்ட வேண்டியதாகிவிட்டது. தஞ்சாவூர்க்காரர் ஒருவர் ஆடு கிடைத்ததா இல்லையா என்று தினமும் விசாரிப்பாராம். என் கணவர் சும்மா டைப் மட்டும் செய்யவில்லை. பண்டாரி கோபத்தில் கத்துகிற மாதிரி ஒரு இடம் எழுதியிருந்தேன். உடனே போன் வந்தது. "இவன் கத்த மாட்டான்புள்ள. கரண்டிய வச்சிட்டுப் போயி பீடி பத்த வப்பான். பயந்துபோயி மத்தவனுகதான் கத்துவானுக." அப்படியே மாற்றினேன். நாவலில் எல்லோரும் சிரிக்கிற இடம் அதுதான்.

பிறகு அவர் ஊரோடு வந்துவிட்டார். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்தார். நாவலைச் சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பியதும் அவர்தான். போடுகிறோம் என்று பதிப்பாளர் சொன்ன அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார்.

அட்டையில் ஒரு தேக்சாவும் கரண்டியும் போதும் என்று சொன்னேன். வந்த அட்டையில் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் கறுப்பு முக்காடு போட்ட பெண் ஒருத்தி நிற்கிறாள், ஒரு கண்ணில் மட்டும் நீர். இவள் யார், என் கதையில் இப்படி யாரும் இல்லையே என்று கேட்டேன். முஸ்லிம் பெண் எழுத்து என்றால் வாசகர்களுக்கு ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறது என்றார் பதிப்பாளர். என் நாவலில் பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்ப்பது உண்டு, ஆனால் அது எதிர்வீட்டில் என்ன கறி என்று தெரிந்துகொள்ள. அதைச் சொன்னேன். அவர் சிரித்தார், அட்டையை மாற்றவில்லை. முதல் புத்தகம், வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்து அணிந்துரை. புதிதாக எழுத வருகிறவர்களுக்குப் பெரியவர் ஒருவர் அணிந்துரை தராவிட்டால் கடைக்காரர் புத்தகத்தைக் கையிலேயே எடுக்க மாட்டார் என்று பதிப்பாளர் சொன்னார். அவரே ஒருவரைப் பிடித்துக் கொடுத்தார். ஓய்வுபெற்ற பேராசிரியர், மேடைதோறும் பேசுகிறவர். எல்லோரும் அவரை அய்யா என்றார்கள், நானும் அய்யா என்றேன். நோன்பு வந்து போனது, ஹஜ்ஜுப் பெருநாளும் வந்து போனது, அணிந்துரை வரவில்லை. கடைசியில் ஒருநாள் அவரே போனில் கூப்பிட்டார். நாவலைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று நினைத்து அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நாவலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் எழுத விடுகிறார்களா என்று கேட்டார். விடுகிறார்கள் என்றேன். கணவர் என்ன செய்கிறார் என்றார். வெளிநாட்டில் இருந்தார், இப்போது இங்கே கடை வைத்திருக்கிறார் என்றேன். அப்படியானால் அவர் வெளிநாட்டில் இருந்தபோது அவருக்குத் தெரியாமல் எழுதியிருப்பீர்கள் என்று அவராகவே சொன்னார். இல்லைங்கய்யா, அவர்தான் டைப் செய்தார் என்று தெளிவாகச் சொன்னேன். இரண்டாம் தடவையும் சொன்னேன். "சரிம்மா, சரிம்மா. எல்லாத்தையும் வெளிய சொல்ல முடியாது. எனக்குப் புரியுது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

அச்சான புத்தகங்கள் பார்சலில் கடை விலாசத்துக்கு வந்தன. என் கணவர் அங்கேயே பிரித்து, முதல் வேலையாகப் பக்கத்து டீக்கடைக்காரருக்கு ஒன்று கொடுத்திருக்கிறார். டீக்கடைக்காரர் எதையும் உரக்கப் படிக்கிறவர். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார். முதல் பக்கம் அணிந்துரை. "கணவனின் கண்ணுக்குத் தப்பி, அடுப்புப் புகையின் மறைவில், கண்ணீரையே மையாக்கி இந்தச் சகோதரி எழுதிய காவியம் இது" என்று தொடங்கி, ஒரு பக்கம் முழுக்க என் கணவரின் அடக்குமுறை, நான் காகிதங்களை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தது, பிடிபட்டு அடிவாங்கியது. டீ குடிக்க வந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். என் வீட்டில் அரிசிப் பானையே கிடையாது, பிளாஸ்டிக் டிரம். அடுப்பும் கேஸ் அடுப்பு. புகைக்கு எங்கே போவது?

அவர் மத்தியானம் சாப்பிட வந்தார். புத்தகத்தை மேசையில் வைத்தார். அட்டை நன்றாக வழவழப்பாக இருக்கிறது என்றார். சாப்பிட்டார், வழக்கமாகக் கேட்கிற மறுசோறு கேட்கவில்லை. என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று கடைக்குப் போய்விட்டார். அவர் போன பிறகுதான் நான் புத்தகத்தைத் திறந்தேன். படித்து முடித்ததும் புத்தகத்தைப் பட்டென்று மூடினேன். அவமானத்தினால் அல்ல, ஆத்திரத்தினால்.

ஒரு சமாதானம் மட்டும் மிச்சம் இருந்தது. நாவலோடு நான் எழுதி அனுப்பிய என்னுரை. அதில் அவரைப் பற்றித்தான் முழுக்க எழுதியிருந்தேன். அதைப் படிக்கிறவர்களுக்கு அணிந்துரை பொய் என்று தெரிந்துவிடும். பக்கங்களைப் புரட்டினேன். அணிந்துரை முடிந்ததும் நேராக முதல் அத்தியாயம். பின்பக்கம் பார்த்தேன். அங்கேயும் இல்லை. ஒருவேளை என் பிரதியில்தான் விட்டுப்போயிற்றோ என்று கடைக்குப் போய்ப் பார்சலில் இருந்த எல்லாவற்றையும் புரட்டினேன். எதிலும் இல்லை.

பதிப்பாளரைப் போனில் பிடித்தேன். பதறவே இல்லை அவர். புத்தகத்தைப் பதினாறு பக்கம் பதினாறு பக்கமாகத்தான் அச்சடிப்பார்கள், அதற்கு ஒரு ஃபாரம் என்று பேர். அய்யா கொஞ்சம் நீளமாக எழுதிவிட்டார், எல்லாவற்றையும் போட்டால் இன்னொரு ஃபாரம் கூடிவிடும், அதனால் என்னுரையை எடுத்துவிட்டோம் என்று விளக்கினார். அதாவது, என் கணவரைப் பற்றிய பொய்க்கு இடம் போதவில்லை என்று அவரைப் பற்றிய உண்மையைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றேன். உங்களுக்குச் சிரமம் வேண்டாமே என்று கேட்கவில்லை என்றார். அந்த அணிந்துரையை எடுத்துவிட்டு மறுபடி அச்சடியுங்கள் என்றேன்.

"அய்யா எழுதினதுல கை வச்சா அவர் கோவிச்சுக்குவாரும்மா" என்றார்.

"எங்க வீட்டுக்காரர் கோவிச்சுக்கிட்டாப் பரவாயில்லையா?"

"அதெல்லாம் படிச்சாத்தாம்மா புக்கு விக்கும். கல்யாணச் சமையல்காரர் கதைய யாரு வாங்குவா?"

அவ்வளவு காலம் அவரிடம் கைப்பிரதி இருந்தது. பிடிக்காத கதையை ஏன் போட்டீர்கள் என்று கேட்பதற்குள் இன்னொரு போன் வருகிறது என்று வைத்துவிட்டார்.

வெளியீட்டு விழாவைப் புதுக்கோட்டையில் ஒரு மண்டபத்தில் வைத்தார்கள். நான் போக மாட்டேன் என்றேன். என் கணவர்தான் போகலாம் என்றார், கடையை அடைத்துவிட்டு வந்தார். மேடையில் எனக்கு ஓரமாக ஒரு நாற்காலி. அவர் மூன்றாவது வரிசையில் என் கைப்பையையும் தண்ணீர் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் பிரதியை ஒருவர் கொடுக்க, இன்னொருவர் வாங்க, போட்டோ எடுத்தார்கள். பிறகு ஒருவருக்கு ஒருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். பிறகு பேச்சு. பேசிய எல்லோரும் அணிந்துரையைப் படித்திருந்தார்கள், அதற்கு மேல் யாரும் போகவில்லை. ஒருவர் மேசையைத் தட்டி, அந்தக் கணவர் இந்தப் புத்தகத்தைப் பார்த்தால் வெட்கித் தலைகுனிய வேண்டும் என்றார். என் கணவர் அப்போது கீழே விழுந்த பாட்டில் மூடியைக் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

எங்களைத் தவிர, கூட்டத்தில் நாவலை உண்மையில் படித்தவர் ஒரே ஒருவர். திருவரங்குளத்திலிருந்து வந்த பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர், வாசலில் வாங்கிய புத்தகத்தை உட்கார்ந்த இடத்திலேயே படித்துக்கொண்டிருந்தார். அய்யா எழுந்து, இந்தப் பெண்ணின் கண்ணீரை நாம் கேட்க வேண்டும் என்று குரல் தழுதழுக்கச் சொன்னபோது, அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். ஆடு ஓடும் இடத்துக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்தவர்கள் அவர் அழுகிறார் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

கடைசியில் ஏற்புரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள், நேரமாகிவிட்டது, இரண்டே நிமிடம் என்று. அது எனக்குப் போதும். சுற்றி வளைக்கவில்லை. அணிந்துரையில் என் வீட்டைப் பற்றி எழுதியிருப்பது அத்தனையும் பொய் என்றேன். என்னை யாரும் அடிக்கவில்லை, நான் எதையும் ஒளிக்கவில்லை, இந்த நாவலை டைப் செய்தது என் கணவர், அதோ என் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அதைச் சொன்ன என் என்னுரையை வெட்டிவிட்டார்கள் என்றேன். மண்டபத்தில் தலைகள் மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பின. பிறகு பலமாகக் கை தட்டினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தீர்ந்தது என்று நினைத்தேன்.

அய்யா நிதானமாக எழுந்து வந்தார். முகத்தில் சின்னக் கலக்கம்கூட இல்லை. மைக்கைப் பிடித்து, "பார்த்தீர்களா, இலக்கியத்தின் வலிமையை? ஒரு நாவல் ஒரு கணவனின் மனத்தையே மாற்றியிருக்கிறது" என்றார். முன்னைவிடப் பலமாகக் கை தட்டினார்கள். என் கணவரை மேடைக்கு அழைத்தார். அவர் கைப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தோளில் மாட்டிக்கொண்டே ஏறினார். திருந்திய உள்ளம் வாழ்க என்று சொல்லி அய்யா அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். நான் மைக்கைக் கேட்டேன். அதற்குள் ஒலிபெருக்கியில் நாட்டுப்பண் ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன், வேறு என்ன செய்ய?

மறுநாள் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் அந்தப் போட்டோ வந்தது, மனம் மாறிய கணவர் என்று கீழே போட்டு. அவருக்குச் சாப்பாடு கொடுக்கக் கடைக்குப் போயிருந்தேன். ரீசார்ஜ் செய்ய வந்த ஒரு பெரியவர் பேப்பரைக் கொண்டுவந்து காட்டி, இனிமேலாவது அந்தப் பிள்ளையை நல்லபடியாக வைத்துக்கொள்ளுங்கள் தம்பி என்று புத்தி சொன்னார். என் கணவர் சரிங்க என்று சொல்லி ரீசார்ஜ் செய்து கொடுத்தார். பெரியவர் போனதும் எனக்குத் தாங்கவில்லை. ஏன் மச்சான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறீர்கள், நேற்று மேடையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, இப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று அவரிடமே சண்டைக்குப் போனேன்.

அவர் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்துகொண்டே சொன்னார். "நான் சத்தம் போட்டா, பாத்தியா, எழுதியிருக்கது சரிதானம்பாங்க. சும்மா இருந்தா, திருந்திட்டான்பாங்க. சும்மா இருக்கதுதானே கொஞ்சம் மேலு?"

அவர் பேச முடியாத இடத்தில் அவரை நிறுத்திவிட்டார்கள், என் புத்தகத்தை வைத்தே நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது நாவல் முடிந்துவிட்டது. அணிந்துரை யாரிடம் கேட்கலாம் என்று அதே பதிப்பாளர் போன் செய்தார். யாரிடமும் வேண்டாம், முதல் பக்கத்தில் என்னுரை வர வேண்டும், அதில் ஒரு எழுத்து குறைந்தாலும் நாவல் இல்லை என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். யோசிக்கட்டும். முதல் புத்தகத்தில் அவர்கள் வெட்டி எறிந்த என்னுரையின் கடைசி வரிகளை அதுவரை இங்கே வைக்கிறேன். இங்கே ஃபாரம் கணக்கு இல்லை.

"இந்த நாவலின் ஒவ்வொரு எழுத்தும் என் கணவரின் கட்டைவிரல் வழியாக வந்தது. இது சிரிக்க வேண்டிய கதை என்று நான் சொல்லாமலே முதலில் சிரித்தவர் அவர். மற்றவர்களும் சிரித்தால் எனக்குச் சந்தோஷம். சிரிக்காவிட்டாலும் குறையில்லை, அவர் சிரித்துவிட்டார்."