தொட்டில் துணியைத் துவைத்தாளா?

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் நடந்தது இது. அப்போது நான் திருப்பூர் நல்லூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக்குப் போகிற குழந்தைகள் சட்டையை மடித்து, சைஸ் ஸ்டிக்கர் ஒட்டி, கவரில் போட்டு, பெட்டியில் அடுக்கும் வேலை. சொந்த ஊர் தூத்துக்குடி பக்கம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் வந்தால் முன்னே பின்னே பார்க்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு நான் செய்த கூத்து உங்களுக்குப் புரியாது.

கணவர் தவறிய பிறகு, மூன்று வயது மகளை ஊரில் மதினியிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். மதினி என்றால் என் அண்ணன் மனைவி. கம்பெனியில் இது யாருக்கும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே "எத்தனை குழந்தைங்க?" என்று கேட்டார்கள். "இல்லை" என்று சொல்லிவிட்டேன். இருக்கிறது என்றால் அடுத்து எங்கே என்பார்கள். அதையும் சொன்னால், விட்டுவிட்டு இருக்க எப்படி மனசு வந்தது என்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து பெற்ற பிள்ளையையே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இந்த ஊரில் என் மகளைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் போன் கடை பாய்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் கடைக் கூண்டுக்குள் நின்று மகளோடு பேசுவேன். பேசி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், அவர் பேப்பர் படிப்பதுபோல் குனிந்துகொள்வார். மற்ற நாட்களில் எனக்கு ஆறுதல் என் வேலைதான். மூன்று நான்கு வயது சைஸ் வரும்போது ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்து, இந்நேரம் தோள் இவ்வளவு அகலம் வந்திருக்கும் என்று பார்த்துக்கொள்வேன்.

எங்கள் பேக்கிங் மேசைக்கும் தையல் மெஷின்களுக்கும் நடுவில் அட்டைப் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு மேலே அடுக்கியிருப்போம். மெஷின் ஓடும்போது அந்தப் பக்கம் இடி விழுந்தாலும் கேட்காது. ஆனால் அப்போது தினமும் கரண்ட் போகும். ஷிப்மென்ட் அவசரம் என்றால்தான் முதலாளி ஜெனரேட்டர் போடச் சொல்வார். இல்லையென்றால் கரண்ட் வரும்வரை எல்லோரும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவோம். அன்று மதியமும் அப்படித்தான், ஃபேன் நின்ற அமைதியில் பெட்டிகளுக்கு அந்தப் பக்கம் டெய்லர் பெண்கள் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"பெத்த புள்ளைய அண்ணன் பொண்டாட்டிகிட்டத் தள்ளிட்டு வந்துட்டாளாமா. வந்த எடத்துல கேட்டா, எனக்குக் கொழந்தையே இல்லைங்கறாளாமா."

"அவளுக்கெல்லாம் எப்படித்தான் சோறு எறங்குதோ!"

என் கையில் இருந்த ஸ்டிக்கர் ரோல் கீழே விழுந்து உருண்டு போனது. அதை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. கரண்ட் வந்தது, மெஷின்கள் ஓடின, அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. இவர்களுக்கு யார் சொன்னது? பாயைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

வேலை விட்டதும் நேராகப் போன் கடைக்குப் போனேன். நாலு பேர் நிற்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. "நல்லவர்னு நம்பித்தானே ஒம்ம கடைக்கு வந்தேன்? எம்பிள்ள கதைய ஊரெல்லாம் சொல்லிட்டு அலையுதீரே, ஒமக்கு வெக்கமா இல்லியா?" என்று பிடித்துக்கொண்டேன்.

பாய் திருப்பிக் கத்தவில்லை. "ஏம்மா, இந்தக் கூண்டுக்குள்ள நின்னு அழுவாத ஆள் யாரு? அதையெல்லாம் வெளிய சொல்ற ஆளா இருந்தா, நான் கடைய மூடிட்டுப் போயிடலாம்மா" என்று மட்டும் சொன்னார். அவர் முகம் வாடிப்போனதைப் பார்த்தேன். அப்படியும் நான் நம்பவில்லை, விறுவிறுவென்று திரும்பிவிட்டேன்.

அறைக்கு வந்து பையைக் கட்டினேன். நாளைக்குக் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவது என்று முடிவு. ஊரில் எனக்கு என்ன வேலை இருக்கிறது, அண்ணன் ஒருத்தர் சம்பாத்தியத்தில் இன்னும் ஒரு வயிற்றை எப்படி நிரப்புவது, மகளை எதைக் கொண்டு படிக்கவைப்பது, இது எதுவும் அப்போது மண்டையில் ஏறவில்லை. ஏச்சுக் கேட்டுக்கொண்டு இங்கே ஒரு நாள்கூட இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மறுநாள் பையோடு கம்பெனிக்குப் போனேன். முதலாளி மதியம்தான் வருவார் என்றார்கள். சரி, அதுவரை மடிப்போம் என்று மேசைக்குப் போனேன். வழக்கம்போலக் கரண்ட் போனது. அந்தப் பக்கம் மறுபடியும் அதே பேச்சு.

"தொட்டில்ல கெடந்த துணியக்கூட உருவி எடுத்துட்டுப் போயிட்டாளே. அவள்லாம் ஒரு பொம்பளையா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் நானும் ஒன்றை எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். என் பையையே யாரோ குடைந்து பார்த்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டேன். பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

"ஏ, என்ன பேசுதிய? எம்பிள்ளைய நான் மதினிட்ட விட்டுட்டு வருவேன், கூட்டிட்டும் வருவேன். ஒங்க வீட்டுச் சோத்தையா திங்கேன்? பிள்ள இல்லன்னு பொய் சொன்னேன், ஆமா, சொன்னேன்! அதுக்கு என்ன இப்ப?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவர்கள் நடுவில், துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் ஓட்டும் பெண் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு புத்தகம் விரித்திருந்தது. அவள் தபால் வழியில் பி.ஏ. தமிழ் படிப்பவள் என்று கேள்விப்பட்டிருந்தேன். புத்தகத்தை மெதுவாகத் தூக்கிக் காட்டினாள்.

"அக்கா, இது ராணிங்க்கா."

அவளுக்குப் பாடமாக வந்த பழைய செய்யுள் நாடகம் அது. நாடு பஞ்சத்தில் கிடக்க, ராஜாவும் செத்துப்போக, ராணி கைக்குழந்தையை அண்ணன் மனைவியிடம் விட்டுவிட்டு, பிள்ளையே இல்லை என்று சொல்லிக்கொண்டு வேறொரு நாட்டுக்கு அரண்மனை வேலைக்காரியாகப் போகிற கதை. பரீட்சை நெருங்கிவிட்டதால் கரண்ட் போகிற நேரத்தில் இவர்களுக்குக் கதை சொல்லியே தனக்கு மனப்பாடம் ஆக்கிக்கொண்டிருந்தாள். செய்யுளாகச் சொன்னால் யார் கேட்பார்கள்? அதனால் ராணியை எதிர்வீட்டுக்காரி மாதிரி ஆக்கிச் சொல்லியிருக்கிறாள். இவர்களும் எதிர்வீட்டுக்காரியை ஏசுவது போலவே ஏசியிருக்கிறார்கள். என் கதை அங்கே ஒருவருக்கும் தெரியாது. நானே வந்து, நானே கத்தி, நானே சொல்லிவிட்டேன்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கீழே துணிக் கட்டின் மேல் உட்கார்ந்து இரண்டையும் செய்தேன். வயதில் மூத்த டெய்லரம்மா ஒருவர் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்தார்.

கொஞ்சம் தெளிந்ததும் வாய் சும்மா இருக்குமா? "அந்தத் துணிய எதுக்கு எடுத்துட்டுப் போனாளாம்?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் புத்தகத்துக்குள் செருகியிருந்த கைடை எடுத்துப் பார்த்தாள். "தொட்டில் துணி தாய்மைக்குக் குறியீடுங்க்கா. அதை உருவி எடுத்தது பாசத்தை அறுத்துக்கிட்டதைக் காட்டுதுன்னு போட்டிருக்குங்க. பரீட்சைக்கு இந்தக் கேள்வி கட்டாயம் வருமுங்க."

"அது கெடக்கட்டும். போன எடத்துல அந்தத் துணியத் துவச்சாளா? எங்கயாவது எழுதியிருக்கா பாரு."

அவள் கைடை வைத்துவிட்டு நாடகத்தின் பக்கங்களைப் புரட்டினாள். வேலைக்காரியாக இருக்கும் காட்சிகளை விரல் வைத்துத் தேடினாள். ராணி அடுத்தவர் துணியை ஆற்றில் துவைக்கிறாள், அது இருந்தது. ராத்திரி தொட்டில் துணியைத் தலைக்கு அடியில் மடித்து வைத்துக்கொள்கிறாள், அதுவும் இருந்தது. அதைத் துவைத்ததாக எங்கும் இல்லை.

நான் எழுந்து போய் என் பையை எடுத்து வந்தேன். அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர், வாய் இறுகக் கட்டியது. உள்ளே என் மகள் கழற்றிப் போட்ட கவுன், பால் கறையோடு. வந்த நாளிலிருந்து அதைத் தண்ணீரில் போடவே இல்லை. "துவச்சா வாசம் போயிருமே" என்றேன்.

யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, எப்படி மனசு வந்தது என்று. அதற்குப் பயந்துதானே அத்தனை மாதம் பொய் சொன்னேன்! டெய்லரம்மா என் தலையைத் தடவி, "பொழைக்கறதுக்குத்தானே கண்ணு வந்தே" என்றார். நேற்று சோறு எப்படி இறங்குகிறது என்று கேட்ட குரல் அவருடையதுதான். ஓவர்லாக் பெண் கவுனைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "எங்க காம்பவுண்டுல ஒரு ரூம் காலியா இருக்குதுங்க்கா. எங்க மாமியாதான் எம்பொண்ணப் பாத்துக்கறாங்க, உங்க பொண்ணும் கூட இருக்கட்டுமுங்க. புள்ளையக் கூட்டிட்டு வந்துருங்க."

ஊருக்குப் போகக் கட்டிய பையோடு அந்த வாரமே ஊருக்குப் போனேன், மகளைக் கூட்டி வர. திரும்பி வந்து முதல் வேலையாகப் பாய் கடைக்குத்தான் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் காதில் வாங்கவே இல்லை. கல்லாவைவிட்டு எழுந்து வந்து, "ஓ, போன்ல அந்தப் பக்கத்துல இருந்து பேசினது இந்தம்மாதானா?" என்று என் மகள் கையில் ஒரு கடலை மிட்டாயை வைத்தார். அவள் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

ஓவர்லாக் பெண் பரீட்சையில் கைடில் உள்ளதை விட்டுவிட்டு, ராணி துணியைத் துவைக்கவில்லை என்பதை எழுதினாள். மார்க் சுமாராகத்தான் வந்தது. "திருத்தினவங்களுக்கு அந்தத் துணிய மோந்து பாக்கக் குடுத்து வெக்கலீங்க்கா" என்று சிரித்தாள்.

என் மகள் பெரியவளான பிறகு பள்ளிக்கூடப் பாடத்தில் வரும் கதைகளை என்னிடம் வந்து சொல்வாள். இவள் கெட்டவள், இவளுக்கு ஈரமே இல்லை என்று வீட்டைவிட்டுப் போன ஏதாவது ஒருத்திக்குத் தீர்ப்புச் சொல்வாள். நான் சரி என்றும் சொல்வதில்லை, தப்பு என்றும் சொல்வதில்லை. வீட்டைவிட்டுப் போகும்போது அவள் கையில் என்ன எடுத்துக்கொண்டு போனாள் என்று மட்டும் கேட்பேன்.