சத்தம் புகாத ஜன்னல்

திருவொற்றியூரில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில் எங்கள் வீடு. முதல் மாடி. ஜன்னல் மரம் உப்புக்காற்றில் உளுத்துப்போய், இறுக்கிச் சாத்தினாலும் கட்டைவிரல் நுழையும். அந்தச் சந்து வழியாக வெயில், கரித்தூள், ஏர்ஹாரன் மூன்றும் எங்களோடு குடித்தனம் நடத்தின.

எனக்கு அதெல்லாம் பழக்கம். பாவம், என் மனைவிதான். ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி நர்ஸ். பகலில் தூங்கினால்தான் உண்டு. ஒருமுறை வார்டில் ஊசியைக் கையில் பிடித்தபடியே கண் அசந்துவிட்டாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை இருக்காது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அழுதாள். அவள் லேசில் அழுகிறவள் இல்லை. லாரிக்காரர்களை அவர்கள் பாட்டன் பூட்டன் வரை திட்டித் தீர்த்துவிட்டு, புது ஜன்னலுக்கு ஆர்டர் கொடுத்தேன்.

ஜன்னல் மாட்டுவதை வேடிக்கை பார்க்க, கீழ் வீட்டு மீன்கார அக்கா மேலே வந்தார்.

"இதுல இன்னா நைனா ஸ்பெஷலு?"

"ரெண்டு கண்ணாடிக்கா. நடுவுல காத்து. சூடும் வராது, சத்தமும் வராது."

"காத்தா? கடலாண்ட வூட்ட வெச்சிக்கினு காத்த துட்டு குடுத்து வாங்கினியா?"

மறுநாளே இந்தச் செய்தி நெட்டுக்குப்பம் வரை போய்விட்டது.

சொல்லட்டும். ரப்பர் வைத்து ஜன்னலை மூடியதும் சாலை அப்படியே அடங்கிப்போனது. வெளியே ஒரு டிரைவர் இன்னொரு டிரைவரை வாய் கிழியத் திட்டுகிறான்; உள்ளே ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்கிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று அவள் நிம்மதியாகப் படுத்தாள். நான் துறைமுகத்தில் காலை ஷிப்ட் முடித்து வந்தேன். கூட வேலை செய்கிறவன் போன் செய்தான். "இன்னா மாமு, சொல்லு!" என்றேன். எப்போதும் பேசுகிற மாதிரிதான். அவள் தலைவிரிகோலமாக ஓடி வந்தாள்.

"இன்னாச்சு? யாருக்கு இன்னாச்சு?"

"ஒண்ணியும் இல்ல. போன் பேசிக்கினுகீறேன்."

"அதுக்குப் போன் எதுக்குய்யா? சும்மா பேசினாலே அவுருக்குக் கேக்குமே!"

மறுநாளும் எழுந்துவிட்டாள். அதற்கடுத்த நாளும். அந்தச் சாலையிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். "சாப்ட்டியா" என்பதைக்கூட லாரிக்கு மேலே கத்திக் கேட்டால்தான் காதில் விழும். ஆனால் அப்போது எனக்கு இதெல்லாம் எங்கே புரிந்தது? ஜன்னல்தான் கோளாறு என்று மாட்டியவரைக் கூப்பிட்டுவிட்டேன்.

அவர் வந்து கண்ணாடியில் காது வைத்துக் கேட்டார். ரப்பரை அழுத்திப் பார்த்தார்.

"ஜன்னல் கரெக்டாத்தான் கீது சார். நீங்கதான் கொஞ்சம்..."

"இன்னாய்யா கொஞ்சம்? நான் எங்கய்யா கத்தறேன்?"

படுக்கையறைக் கதவு திறந்தது. கண்கள் ரத்தச் சிவப்பாக, நின்றபடியே தள்ளாடினாள்.

"லாரிய வெளிய வெச்சு மூடினியே, உன்ன ஏன்யா உள்ள வெச்சு மூடினே?"

மாட்டியவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஆனால் அவள் கண்ணைப் பார்த்ததும் அந்த ஊசி ஞாபகம் வந்தது. இரவு மறுபடி டூட்டி. நாற்காலியையும் போனையும் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கலாம். நாலு மணி நேரம் கரித்தூளிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆறு மணிக்கு அவளே வந்து கதவைத் திறந்தாள். முகம் தெளிந்திருந்தது. என்னால் முடிந்த அளவு குரலைத் தாழ்த்தி, "நல்லா தூங்கினியா?" என்று கேட்டேன்.

பதறிப்போய் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"இன்னாய்யா, ஒடம்பு சரியில்லியா?"